எட்டு ஞாயிறு, 6,500 ரூபாய்: சிறுதொழில் நிர்வாக வகுப்புக்குப் போய் வந்தேன்

கோவையில் கணபதி பக்கம் இட்லி மாவு அரைத்து விற்கிறோம். நான், உதவிக்கு ஓர் அக்கா, காலையில் டெலிவரி போட்டுவிட்டு மில்லுக்குப் போகும் வீட்டுக்காரர், அவ்வளவுதான் ஆள். ஐந்து வருடமாகிறது. தினமும் 60 கிலோ போகும். நல்லாத்தான் ஓடுது என்று ஊரே சொன்னது, நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம், ஆனால் மாதக் கடைசியில் அரிசி மண்டிக்குக் கொடுக்க நகைச்சீட்டுக்கு வைத்திருந்த காசை எடுக்க வேண்டியிருந்தது. இவ்வளவு விற்கிறோமே, காசு எங்கே போகிறது என்று கேட்டால் இருவருக்கும் பதில் தெரியாது.

அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தையல் கடை அக்கா இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னார். சிறுதொழில் நிர்வாகம், எட்டு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்திலிருந்து ஒன்றரை வரை, கட்டணம் 6,500. நடத்துகிறவர்கள் பெயரை எழுதப்போவதில்லை. நல்லதும் சொல்வேன், குறையும் சொல்வேன், அதோடு இதே அச்சில் ஊருக்கு நாலு வகுப்பு நடக்கிறது, எதில் சேர்ந்தாலும் இது பொருந்தும்.

இடம் காந்திபுரத்தில் ஒரு மாடி ஹால். லிப்ட் கிடையாது. நாற்காலி கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி. நாங்கள் 28 பேர், அதில் பெண்கள் பாதிக்கு மேல். கேக் செய்கிறவர், ஆரி ஒர்க் போடுகிறவர், ஜெராக்ஸ் கடை, வாட்டர் கேன் ஏஜென்சி, இன்னும் என்ன தொழில் செய்வது என்றே முடிவு செய்யாத இரண்டு காலேஜ் பையன்கள்.

முதல் வாரம் வீண். எழுந்து நில்லுங்கள், கை தட்டுங்கள், என்னால் முடியும் என்று மூன்று முறை சொல்லுங்கள். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து உளுந்து ஊறப்போடுகிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே வந்ததும் வீட்டுக்காரருக்கு போன் போட்டு, காசு போச்சு என்றேன்.

இரண்டாம் வாரம் லைசென்ஸ், பதிவு சமாச்சாரம். இதில் எனக்கு ஓரளவு தெரியும், ஆனால் தெரியாதவர்களுக்கு இந்த ஒரு வகுப்பே கட்டணத்தில் பாதியை மிச்சப்படுத்தும். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது, அரசு தளத்தில் ஆதாரை வைத்து நாமே போட்டுக்கொள்ளலாம், ஒரு பைசா கட்டணம் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேக் அக்கா அதற்கு ஓர் ஏஜென்டிடம் 1,500 கொடுத்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உணவுத் தொழில் என்றால், நான் எடுத்தபோது வருட விற்பனை 12 லட்சம் வரை எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வெறும் பதிவு போதும், வருடத்துக்கு 100 ரூபாய், அதற்கு மேல் போனால் லைசென்ஸ். பொருள் விற்கிறவர்களுக்கு மாநிலத்துக்குள் 40 லட்சம் விற்பனை வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, சேவை என்றால் அது 20 லட்சம். ஜிஎஸ்டியை மட்டும் அரை மணி நேரத்தில் ஓட்டிவிட்டார்கள். வாட்டர் கேன் அண்ணன் கேட்ட நாலு கேள்விக்கும் உங்க ஆடிட்டரைக் கேளுங்க என்பதுதான் பதில். ஆடிட்டர் வைத்திருந்தால் அவர் ஏன் அங்கே வருகிறார்?

மூன்றாம் வாரத்தில்தான் விஷயமே ஆரம்பித்தது. பாடம் எடுத்தவர் ரிட்டயர்டு வங்கி மேனேஜர். லோன் கொடுத்தும் பழகியவர், இல்லையென்று திருப்பி அனுப்பியும் பழகியவர். பவர்பாயின்ட் எல்லாம் இல்லை, ஒயிட்போர்டு, மார்க்கர், அவ்வளவுதான். யாராவது ஒருத்தர் உங்க கணக்கைச் சொல்லுங்க, பிரிச்சுப் பார்ப்போம் என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. நான் கையைத் தூக்கிவிட்டேன்.

8 கிலோ இட்லி அரிசி, கிலோ 45, ஆக 360. 2 கிலோ உளுந்து, கிலோ 140, ஆக 280. வெந்தயமும் உப்பும் பத்து ரூபாய் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 650. இதில் 24 கிலோ மாவு வரும். அப்படியென்றால் கிலோவுக்கு 27 ரூபாய். கடைகளுக்கு 45க்குப் போடுகிறோம், வாசலில் வந்து வாங்குகிறவர்களுக்கு 55. கடைக்குப் போட்டாலே கிலோவுக்கு 18 ரூபாய் நிற்கிறது சார் என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் போர்டில் 18 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அப்புறம் அடுத்த பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத ஆரம்பித்தார். கவரும் ஸ்டிக்கரும் கிலோவுக்கு இரண்டரை. கரண்ட், கிரைண்டருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் சேர்த்து ஒன்றரை. பெட்ரோல் ஒரு நாளைக்கு 100. வாடகை மாதம் 6,000, அப்படியானால் நாளைக்கு 200. உதவிக்கு வரும் அக்காவுக்கு அரை நாள் கூலி 350. டில்டிங் கிரைண்டர் 28,000 கொடுத்து வாங்கியது, நாலு வருடம் உழைக்கும் என்று வைத்தால் நாளைக்கு இருபது ரூபாய் தேய்கிறது. அவ்வளவுதான் சார் என்றேன்.

"அம்மிணி, உங்க சம்பளம் எங்கீங்க?"

"ஓனருக்கு எதுக்குங்க சார் சம்பளம்? லாபந்தானே சம்பளம்."

"நாளைக்கு நீங்க காய்ச்சல்ல படுத்துட்டீங்க. அந்த வேலைக்கு ஆள் போட்டா எவ்வளவு கேப்பாங்க?"

500 கேட்பார்கள் என்றேன். எழுதினார். உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் நாம சம்பளமே போடலைங்க என்று சொல்லிச் சிரித்தார், ஹாலே சிரித்தது. கூட்டிப் பார்த்தால் ஒரு நாள் செலவு 3,030. அறுபதால் வகுத்தால் கிலோ ஐம்பதரை ரூபாய். இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, ரிட்டர்ன் எவ்வளவு என்று கேட்டார். கடைகளிலிருந்து புளித்தும் கவர் உப்பியும் தினம் நாலு கிலோ திரும்பி வரும். அந்த நாலைக் கழித்து 56ஆல் வகுத்தால் 54. நான் 45க்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உடனே ஒரு பையன் எழுந்து, அப்ப அக்கா கடைக்குப் போடறதை நிறுத்திடணும் என்றான். அதுதான் இல்லை என்றார் சார். நாலாம் வாரம் முழுக்க இதற்குத்தான் போனது. ஒரு கிலோ அதிகமாக அரைத்தால் கூடும் செலவு எது, அரைத்தாலும் அரைக்காவிட்டாலும் கொடுக்க வேண்டிய செலவு எது என்று இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். வாடகையும் கூலியும் கிரைண்டரும் இரண்டாவதில். கடைக்குப் போடும் கிலோவில் அரிசி, கவர், கரண்ட், பெட்ரோல் போக 11 ரூபாய்ச் சொச்சம் நிற்கிறது, அது வாடகைக்கும் கூலிக்கும் உதவுகிறது, நிறுத்தினால் அதுவும் போச்சு. வாசலில் விற்கும் கிலோவில் பெட்ரோல் இல்லை, 24 நிற்கிறது. அதாவது கடைக்கு இரண்டு கிலோ சுமந்துகொண்டு போய்ப் போடுவதும் வாசலில் ஒரு கிலோ விற்பதும் எனக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐந்து வருடம் இந்தக் கணக்கு தெரியாமல் வண்டியில் மாவு கட்டி அனுப்பியிருக்கிறேன். தினம் எத்தனை கிலோ போனால் முதலுக்கு மோசமில்லை என்பதை அவரவர் தொழிலுக்கு அவரவரே போட வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்று போட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

என் நிஜமான நிலவரமும் அன்றே தெரிந்தது. கடைகளுக்கு 36 கிலோ, வாசலில் 20 கிலோ, தின வரவு 2,720. செலவு 3,030. குறைகிற 310 யார் கையிலிருந்து போகிறது? என் 500லிருந்து. எனக்கு நாள் கூலி 190. உதவிக்கு வரும் அக்கா என்னைவிட அதிகம் வாங்குகிறார்.

ஐந்தாம் வாரம் ரொக்கம். கல்லாவில் காசு இருப்பது வேறு, லாபம் வேறு, இதைச் சொல்ல ஒரு வகுப்பா என்று நினைப்பீர்கள். முப்பது கட்டம் போட்ட தாளில் எந்தத் தேதி காசு வரும், எந்தத் தேதி போகும் என்று எழுதச் சொன்னார். அரிசி மண்டி ஏழு நாள் தவணை. அண்ணாச்சி கடைகள் இருபது நாள் கழித்துத்தான் கொடுக்கும், அதுவும் முழுதாக இல்லை. இடையில் 13 நாளைக்கு நான்தான் எல்லாருக்கும் கடன் கொடுக்கிறேன், வட்டியில்லாமல், என் நகைச்சீட்டுப் பணத்தில். மூன்று கடையில் மட்டும் 22,000 பாக்கி. கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுக்கும் காசையும் எழுதச் சொன்னார், பால் பாக்கெட் வாங்கினாலும் சரி. ஒரு வாரம் எழுதிப் பார்த்ததில் 1,900 ரூபாய் அப்படிப் போயிருந்தது.

பாக்கியை வசூலிக்கச் சட்டம் இருக்கிறது என்பதும் அங்கேதான் தெரிந்தது. 2006ஆம் வருட குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு எடுத்தவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் காசு கொடுக்க வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வைத்திருக்கிறார்கள், கெடு தாண்டினால், காசைக் கொடுக்கும் வரை சரக்கு எடுத்தவர் அந்தத் தொகையைத் தன் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பெரிய கம்பெனி கேன்டீனுக்கு சப்ளை செய்கிறவர்களுக்கு இது உதவும். அண்ணாச்சியிடம் போய்ச் சட்டம் பேசினால் மறுநாள் அவர் ஃப்ரிட்ஜில் வேறு மாவு இருக்கும். இதை சாரிடமே சொன்னேன். சிரித்துவிட்டு, பழைய பாக்கியைக் கேக்காதீங்க, இன்னைக்குச் சரக்குக்கு நேத்துச் சரக்கோட காசுன்னு ஆரம்பிங்க என்றார். இரண்டு கடை ஒத்துக்கொண்டது. ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை, அதை விட்டுவிட்டோம்.

ஆறாம் வாரம் ஸ்டாக், ஆள் மேலாண்மை. என்னைப்போல் ஓர் ஆள் வைத்திருப்பவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஏழாம் வாரம் எரிச்சல். டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று போட்டிருந்தார்கள். வந்தவர் வேறொரு 25,000 ரூபாய் கோர்ஸை விற்கத்தான் வந்தார். இன்றே சேர்ந்தால் 15,000 என்று போர்டில் எழுதி, ஃபாரத்தையும் நீட்டினார். மூன்று மணி நேரத்தில் உருப்படியாகக் கிடைத்தது வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போடுவது மட்டும். அதை என் பெண் ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்திருப்பாள். காசு வாங்கி உட்கார வைத்துவிட்டு இன்னொருவருக்கு விளம்பர மேடை கொடுப்பதற்குப் பெயர் வகுப்பு இல்லை.

எட்டாம் வாரம் கடன் திட்டங்கள், மறுபடி மேனேஜர் சார். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையிலும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலும் அப்போது திட்டச் செலவு இருக்கலாம் என்றார், மானியம் ஆளையும் ஊரையும் பொறுத்து 15லிருந்து 35 சதவீதம். அந்த மானியம் கையில் வராது, மூன்று வருடம் வங்கியில் டெபாசிட்டாகக் கிடக்கும், தொழில் நடந்தால்தான் கடனில் வரவு வைப்பார்கள் என்பதை அவர் மாதிரி வங்கிக்காரர்தான் அழுத்திச் சொல்ல முடியும். காலேஜ் பையன்கள் முகம் தொங்கிவிட்டது. அதோடு அது புதுத் தொழிலுக்குத்தான், எனக்குக் கிடையாது. சான்றிதழ் கொடுத்தார்கள், என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. எந்த வங்கியும் அதைக் கேட்கப்போவதில்லை, போகட்டும்.

காசுக்குத் தகுமா என்று கேட்டால், எனக்குத் தகும். எட்டில் மூன்று வகுப்புதான் உருப்படி, ஆனால் அந்த மூன்றும் 6,500ஐவிடப் பெரியது. கடைக்கு 48 ஆக்கினோம், தூரத்தில் இருந்த கடைகளைக் குறைத்தோம், சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை வாசலில் நானே உட்கார்கிறேன். ஐந்து மாதமாகிறது. அரைப்பது 52 கிலோவாகக் குறைந்திருக்கிறது, என் கூலி 420 வரை வருகிறது. இன்னும் 500ஐத் தொடவில்லை. மண்டிக்கு மட்டும் சீட்டுப் பணத்தை எடுக்கவில்லை.

இனிமேல்தான் தொழில் தொடங்கப் போகிறவர்கள் இதற்குக் காசு கட்ட வேண்டாம். மாவட்டத்துக்கு ஒன்றாக முன்னோடி வங்கிகள் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் நடத்துகின்றன, தங்கி, சாப்பிட்டு, இலவசமாகப் படிக்கலாம், 1982இல் கர்நாடகத்தில் உஜிரே ஊரில் தொடங்கிய முறைதான் அது. தையல், பேக்கிங் மாதிரி கைத்தொழிலோடு கணக்கு வழக்கும் சேர்த்துச் சொல்லித்தருவார்கள். சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இருக்கிறது, அவர்களும் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறார்கள். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். என்னைப்போல் கடையை மூடிவிட்டு வாரக்கணக்கில் போய்த் தங்க முடியாதவர்களுக்குத்தான் ஞாயிறு வகுப்பு.

அப்படிப் போவதானால் சேரும் முன்பே, செலவுக் கணக்கு எடுப்பது யார், எத்தனை வாரம் என்று கேளுங்கள். மூன்றாம் வாரத்துக்குப் போகும்போது கரண்ட் பில், பாக்கி நோட்டு, சரக்கு வாங்கிய சீட்டு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், கொண்டு வராதவர்கள் அன்றைக்கு என் கணக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீ கொடுப்பார்கள், சாப்பாடு கிடையாது. ஏழாம் வாரம் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.