கை முழுக்கப் பச்சை: ஒரே திட்டமா, ஒவ்வொன்றாகச் சேர்ப்பதா?

தோள் முதல் மணிக்கட்டு வரை டாட்டூ போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் படத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். யாளியா, சிக்குக் கோலமா, காளையா, தாத்தாவின் முகமா என்று மாதக்கணக்கில் படம் சேர்க்கிறார்கள். அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கை எந்த வழியில் நிரம்பப் போகிறது? ஒரே கலைஞர் முழுக் கையையும் ஒரே வரைவாகத் திட்டமிட்டுப் பல அமர்வுகளில் குத்தி முடிப்பது ஒரு வழி. இந்த ஆண்டு ஒரு படம், அடுத்த ஆண்டு இன்னொன்று என்று சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் இடைவெளிகளை நிரப்பிக்கொள்வது மற்றொரு வழி. நான் முதல் வழியின் பக்கம். ஏன் என்பதைச் சொல்கிறேன். இரண்டாவது வழி வெல்லும் இடங்களையும் மறைக்கப் போவதில்லை.

தோளருகே பருத்து, மணிக்கட்டில் சிறுத்து, நடுவில் மடங்கும் உறுப்பு கை. உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பிப் பாருங்கள்; முன்கைத் தோல் முறுக்கிக்கொள்வது தெரியும். மேசையில் கையை நீட்டி வைத்து நேராகக் குத்திய கோடு, கையைத் தொங்கவிட்டதும் சாய்ந்து ஓடும். சிக்குக் கோலம் கேட்பவர்கள் இதை முக்கியமாக யோசிக்க வேண்டும். தரையில் சம இடைவெளியில் நிற்கும் புள்ளி வரிசையை அப்படியே கையில் சுற்றினால், முழங்கை முனையில் இழுபட்டு, மணிக்கட்டில் நெரிசலாகிவிடும். முழுக் கையையும் திட்டமிடுகிறவர், மேலே புள்ளிகளை அகலமாக வைத்துக் கீழே வரவரச் சுருக்குவார்; கோட்டின் போக்கைத் தசையின் போக்கோடு சேர்ப்பார். முதல் படத்தை முன்கை நடுவில் குத்தி முடித்த பிறகு இந்தக் கணக்குக்கு இடமில்லை. மீதி எல்லாம் அந்தப் படத்தைச் சுற்றி வளைந்து போக வேண்டியதுதான்.

ஜப்பானிய மரபில் இந்தத் திட்டமிடலின் உச்சத்தைப் பார்க்கலாம். மீனோ டிராகனோ கண்ணில் முதலில் படும். ஆனால் கையை ஒரே படமாக்குவது பின்னணியில் ஓடும் அலையும் காற்றும் மேகமும். கையின் நீளத்துக்கும் அங்கே அளவுகள் உண்டு: முழங்கைக்கு மேல் நிற்பது கோபு, முன்கைப் பாதியில் நிற்பது ஷிச்சிபு, மணிக்கட்டு வரை போவது நாகசோதே. நம் ஊர் வெயிலில் அரைக்கைச் சட்டைதான் அன்றாட உடை. அது மேற்கையின் பாதியை மட்டுமே மறைக்கும். முழங்கையோடு நிறுத்திய டாட்டூவும் அலுவலகத்தில் வெளியே தெரியும். நீங்கள் வழக்கமாகப் போடும் சட்டையை அணிந்து கண்ணாடி முன் நின்று, எல்லை எங்கே என்று பேனாவால் குறித்துக்கொண்டு கலைஞரிடம் போங்கள்.

சேர்த்துக்கொண்டே போகும் வழிக்கும் மரபு இருக்கிறது. அமெரிக்க மாலுமிகளின் கைகள் அப்படித்தான் நிரம்பின: தடித்த வெளிக்கோடு, குறைந்த நிறங்கள், ஒவ்வொன்றும் தனியே நிற்கும் நங்கூரமும் குருவியும் ரோஜாவும். தனித்தனிப் படங்களாகவே இருக்கட்டும் என்று விரும்பிச் செய்தால் அது அழகு. செலவும் கைக்கு வந்தபோது செய்துகொள்ளலாம், ரசனை மாறினால் அடுத்த படமும் மாறும். முதல் டாட்டூவே கை முழுக்க என்றால் தயங்குகிறவர்களுக்கு இதுதான் நல்ல வழி. வெவ்வேறு கலைஞர்களின் மெல்லிய கோட்டுப் படங்களைச் சேர்த்துவிட்டு, பிறகு அவை ஒரே ஓவியமாக மாற வேண்டும் என்று எதிர்பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. மிஞ்சும் இடைவெளிகள் எந்த உருவத்துக்கும் பொருந்தாத வடிவில் இருக்கும். சிறிய படங்களின் நுணுக்கமும் நாலு அடி தள்ளி நின்றால் தெரியாது.

பணம்தான் தடை என்றால் நடுவழி இருக்கிறது, நான் பலருக்கும் சொல்வது அதைத்தான்: முழுக் கைக்கும் வரைவு வாங்கிக்கொண்டு, தோள் முதல் முழங்கை வரை மட்டும் இப்போது குத்திக்கொள்வது. கீழ் விளிம்பைச் சட்டென்று வெட்டாமல் மேகமாகவோ புள்ளிகளாகவோ கரைத்து விடச் சொல்லுங்கள். பிறகு தொடர்ந்தாலும் ஒட்டும், தொடராவிட்டாலும் குறையாகத் தெரியாது.

கட்டணத்திலும் ஒப்பிட வேண்டிய இரண்டு முறைகள் உண்டு. இங்கே பல ஸ்டுடியோக்களில் சதுர அங்குலக் கணக்கு. பெரிய வேலை செய்பவர்கள் அமர்வுக் கணக்கு வைத்திருப்பார்கள். சிறு படத்துக்கு அங்குலக் கணக்கு நியாயமானது. முழுக் கைக்கு நான் அமர்வுக் கணக்கையே ஏற்பேன். நல்ல வரைவில் மை படாத வெற்றுத் தோல் நிறைய இருக்க வேண்டும். அங்குலத்துக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், அந்த வெற்றிடத்தை விட்டுவைக்க யாருக்கும் மனம் வராது.

கறுப்பு-சாம்பலா, வண்ணமா? மாநிறத்துக்கும் கறுத்த தோலுக்கும் என் விடை கறுப்புதான். மை தங்குவது தோலின் இரண்டாம் அடுக்கில். நம் நிறத்தைத் தரும் மெலனின் அதற்கு மேலுள்ள அடுக்கில் இருக்கிறது. எந்த மையையும் அந்த நிறத்தின் ஊடாகத்தான் பார்க்கிறோம். அடர் சிவப்பு, அடர் நீலம், அடர் பச்சை தாங்கும். மஞ்சளும் வெளிர் நிறங்களும் ஆறியதும் மங்கிப்போகும். அழிக்க நேர்ந்தாலும் கறுப்பே எளிது: 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் கறுப்பு மையை உடைக்கும், மெலனினை அதிகம் தொடாது. சிவப்பை உடைக்க 532 நானோமீட்டர் தேவை. அதை மெலனினும் உறிஞ்சிக்கொள்வதால் நம் தோலில் வெளுத்த திட்டுகள் விழும் அபாயம் கூடுதல். ஒவ்வாமையும் சிவப்பு மையில்தான் அதிகம் காணப்படுகிறது. வண்ணமே வேண்டும் என்றால் மைப் புட்டியின் பெயரையும் காலாவதித் தேதியையும் கேட்டுப் பாருங்கள். டாட்டூ மைகளில் சேரும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அந்த விதிக்கு உட்பட்ட மையா என்பது நியாயமான கேள்வி.

தமிழ் எழுத்துகள் கேட்பவர்களுக்கு ஒரு சொல். கோடுகள் ஆண்டுகள் போகப்போகத் தடிக்கும். ண, ணை போன்றவற்றின் சுழிகள் சிறிதாக இருந்தால் அடைந்துபோகும், புள்ளி பக்கத்துக் கோட்டோடு கலந்துவிடும். குறளை முன்கையில் பொடி எழுத்தில் எழுதுவதைவிட, ஒரே சொல்லைப் பெரிதாக எழுதுவது நிலைக்கும். ஸ்டென்சில் (குத்துவதற்கு முன் தோலில் படியவைக்கும் வரைவு) ஒட்டும் முன் எழுத்துப்பிழையும் ஒற்றும் சரிதானா என்று தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

இடது மேற்கையில் பி.சி.ஜி. ஊசித் தழும்பு இருக்கிறதல்லவா, அதைக் கவனியுங்கள். தழும்பு தட்டையாக இருந்தால் வரைவுக்குள் அடக்கிவிடலாம். தடித்து, ஊசி போட்ட இடத்தைத் தாண்டிப் பரவி வளர்ந்திருந்தால் அது கெலாய்டாக இருக்கக்கூடும். தோல் மருத்துவரைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ராணுவத்துக்கோ மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கோ போகும் எண்ணம் இருந்தால் இந்த ஒப்பீடே தேவையில்லை. முழுக் கை டாட்டூ அவர்களின் விதிகளுக்குள் அடங்காது. ரத்த தானம் செய்கிறவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். டாட்டூ குத்தியபின் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பது இந்திய விதி. அமர்வுக்கு அமர்வு அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். ஒரே திட்டத்தில் சில மாதங்களுக்குள் முடித்தால் காத்திருப்பு ஒருமுறைதான். ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்த்தால் அது முடிவதே இல்லை.

வலிக்கு மரப்புக் களிம்பா, குறுகிய அமர்வா என்றால் குறுகிய அமர்வுதான். நாள் முழுக்க உட்கார்ந்து விரைவில் முடிக்க ஆசை வரும். ஆனால் நாலைந்து மணி நேரத்துக்குப் பின் உடல் தளர்ந்து கை நடுங்கும், கோடும் கெடும். மரக்கச் செய்யும் மருந்தான லிடோகைன் உள்ள களிம்பைப் பெரிய பரப்பில் பூசிப் பிளாஸ்டிக்கால் சுற்றினால் மருந்து ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குலைக்கலாம், வலிப்பும் வரலாம். 4 சதவீதத்துக்கு மேல் லிடோகைன் உள்ள இத்தகைய களிம்புகள் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024இல் எச்சரித்தது. வலி அதிகமுள்ள மேற்கையின் உட்பக்கத்தையும் முழங்கை மடிப்பையும் வெவ்வேறு நாள்களுக்குப் பிரித்து வையுங்கள். இடையில் மூன்று நான்கு வாரங்கள் விட்டால் தோல் ஆறிவிடும்.

கலைஞரைத் தேர்ந்தெடுக்கும்போது, குத்திய அன்று எடுத்த படங்களை நம்பாதீர்கள். அன்று எல்லாமே பளபளக்கும். ஓராண்டு கடந்து ஆறிய கைகளின் படங்களை, அதுவும் உங்கள் நிறத்துத் தோலில், கேளுங்கள். ஸ்டென்சில் ஒட்டியதும் எழுந்து நின்று கையை வீசி நடங்கள். தள்ளி நின்று ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சரியாக அமையாவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நல்ல கலைஞர் முகம் சுளிக்காமல் மூன்றாவது முறையும் ஒட்டுவார்.