உப்பு செல்லா, லிக்விட் குளோரினா? சேலத்துக் குளத்துக்கு எது சரிப்படும்

உப்பு குளோரினேட்டர் வைத்த நீச்சல் குளத்தில் குளோரினே கிடையாது என்று நம்பித்தான் பலர் அதை வாங்குகிறார்கள். குளோரின் உண்டு. நாம் ஊற்றுவதை மெஷின் அங்கேயே தயாரித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு கரைந்த தண்ணீர் மெஷினின் ‘செல்’ எனப்படும் பெட்டியில் இருக்கும் டைட்டானியம் தகடுகளுக்கு நடுவே ஓடும்போது, மின்சாரம் அதிலிருந்து குளோரினைப் பிரிக்கிறது. கடல்நீரில் உப்பு ஏறக்குறைய பத்து மடங்கு என்பதால், இங்கே வாயில் பட்டால் லேசாகத்தான் கரிக்கும்.

சேலத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டில் எது என்பதை உங்கள் தண்ணீர்தான் முடிவு செய்யும். குழாயிலும் பக்கெட்டிலும் வெள்ளையாகப் படியவைக்கும் போர் தண்ணீர் செல்லையும் விடாது. குளோரின் உண்டாகும்போது எதிர்த் தகட்டை ஒட்டி பிஹெச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) ஏறுகிறது. தண்ணீரில் உள்ள கால்சியம் அங்கேயே இறுகிப் படிகிறது. செல்லைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் தகடுகளின் இடுக்கில் வெள்ளைப் பொருக்கு தெரியும். அந்த நிலையில் மெஷின் ‘உப்பு குறைவு’ என்று பொய்யாகவே சொல்லும். அதை நம்பி மூட்டையைப் பிரிக்காதீர்கள். உப்பு ஆவியாகாது, அதிகமாகிவிட்டால் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவது தவிர வேறு வழியில்லை. முதலில் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பாருங்கள், அப்புறம் செல்லைப் பாருங்கள். பொருக்கு இருந்தால் நாலு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் (ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றி அல்ல) கலந்து, நுரை அடங்கும்வரை ஊறவிட்டுக் கழுவினால் போதும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் தகட்டின் பூச்சு போய்விடும். பூச்சு போனால் செல்லே போச்சு.

கேனில் வரும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலான லிக்விட் குளோரினில் இந்தத் தொல்லை இல்லை. 50,000 லிட்டர் குளத்துக்கு 10 சதவீத லிக்விட் அரை லிட்டர் ஊற்றினால் குளோரின் ஏறக்குறைய 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) ஏறும். ஆனால் ஏப்ரல் வெயிலில் ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் சயனூரிக் ஆசிட்) இல்லாத குளத்தில் காலையில் ஊற்றியது சாயங்காலம் மிஞ்சாது. 30 முதல் 50 பிபிஎம் ஸ்டெபிலைசர் கட்டாயம். கேனிலேயே சூட்டில் வீரியம் குறையும் என்பதால் கொஞ்சமாக வாங்கி நிழலில் வையுங்கள். கோடையில் இரண்டு நாள் மறந்தால் தண்ணீர் பச்சை தட்டத் தொடங்கும். அதற்குப் பயந்து ப்ளீச்சிங் பவுடருக்குப் போவதை நான் சொல்லவே மாட்டேன். ஏற்கெனவே கடினமான தண்ணீரில் மேலும் சுண்ணாம்பைக் கொட்டும் வேலை அது.

உப்பின் பலம், குளோரின் அளவு ஏறி இறங்காமல் நிற்பது. காவிரித் தண்ணீர் நிரப்புகிறவர்கள், வாரம் ஒருமுறை பிஹெச் பார்த்து ஆசிட் விடச் சலிக்காதவர்கள் தாராளமாக உப்புக்குப் போகலாம். ஆனால் அயோடின் சேர்க்காத சுத்தமான உப்பாக இருக்கட்டும். அழுக்கும் மெக்னீசியமும் கலந்த கல் உப்பு வேண்டாம். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் என் ஓட்டு லிக்விடுக்கே.

ஏற்காடு வேறு கதை. 1,500 மீட்டர் உயரத்தில் டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் குளிர்ந்துவிடும். 15 டிகிரி அளவுக்கு இறங்கினால் பல செல்கள் தானாகவே உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். மழை நிரம்பி வழிந்தால் உப்பும் கூடவே போகும். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் இலைகள் விழுந்து குளோரினைத் தின்னும். வாரம் முழுக்கச் சும்மா கிடந்து சனி, ஞாயிறில் கூட்டம் இறங்கும் விடுதிக் குளத்தில் செல் மெதுவாகத்தான் ஈடுகொடுக்கும். சனிக்கிழமை இரவு ஊற்றிய லிக்விட் ஞாயிறு காலைக்குள் வேலையை முடித்திருக்கும். மலையில் லிக்விடே மேல்.

எதை எடுத்தாலும் ஆசிட் கேனும் குளோரின் கேனும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் கிளம்புவது விஷவாயு. மோட்டார் ரூம் சின்னதாக இருந்தால் ஆசிட்டை வெளியே, பூட்டிய இடத்தில் வையுங்கள்.