பழைய லேப்டாப், பழைய கேம்கள்: ஐந்து வருடக் கிராபிக்ஸ் மல்லுக்கட்டு

லேப்டாப் 2003இல் வந்தது. 1024×768 திரை, கிராபிக்ஸுக்கு 32 எம்பி நினைவகம். ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதியில் விண்டோஸ் 98, இன்னொன்றில் எக்ஸ்பி. 1990களின் கேம்களை அந்தக் காலத்துக்குப் பக்கத்தில் பிறந்த இயந்திரத்திலேயே ஆட வேண்டும் என்ற ஆசைக்காக இதை ஐந்து வருடமாக உயிரோடு வைத்திருக்கிறேன். ஆடிய நேரம் அதிகமா, நோண்டிய நேரம் அதிகமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதல் வருடம் முழுக்க ஒரே தப்பைச் செய்தேன். திரையில் எது கோணலாகத் தெரிந்தாலும் கிராபிக்ஸ் சிப் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றுவேன். இப்போது முதலில் செய்வது ஸ்க்ரீன்ஷாட் எடுப்பது. அதை வேறொரு கணினியில் திறந்து பார்ப்பேன். வண்ணக் கோடுகள் படத்துக்குள்ளேயே பதிந்திருந்தால் கோளாறு கேமிலோ, டிரைவரிலோ (சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்), கிராபிக்ஸ் நினைவகத்திலோ இருக்கிறது. படம் சுத்தமாக இருந்தால் திரையும் அதற்குப் போகும் கேபிளும்தான் குற்றவாளி. சில கேம்களில் ஸ்க்ரீன்ஷாட் வெறும் கறுப்பாக வரும். அப்போது விஜிஏ துளையில் வெளி மானிட்டரை மாட்டிப் பார்த்தால் அதே விடை கிடைத்துவிடும். பவர் போட்டவுடன், விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் எழுத்துகளிலேயே புள்ளிகள் தெரிந்தால் டிரைவர் தேடி அலையவே வேண்டாம்.

இருபது நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டு அப்புறம் 3டி உருவங்களைக் கட்டும் முக்கோணங்கள் திரையெங்கும் தெறிக்கிறதா? சூடு. விசிறியில் கம்பளி மாதிரி தூசி படிந்திருந்தது, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகிவிட்டிருந்தது. இரண்டையும் சரிசெய்தேன், தெறிப்பது நின்றது.

என்னை அதிகம் படுத்தியவை 256 வண்ணக் கேம்கள். இவற்றில் ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பது வண்ணம் அல்ல, ஒரு எண். அந்த எண்ணுக்கு என்ன நிறம் என்பதை பேலட் என்ற தனி அட்டவணை சொல்கிறது. தண்ணீர் ஓடுவதையும் நெருப்பு எரிவதையும் படத்தைத் தொடாமல், அட்டவணையைச் சுழற்றியே காட்டிவிடுவார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பின்னணியில் ஓடும் இன்னொரு நிரல் அதே அட்டவணையில் கைவைத்தால் புல்வெளி ஊதாவாகும், மனிதர்கள் பச்சையாவார்கள். டாஸ்க்பார் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நிரல்களை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தேன். கடைசியில் பிடிபட்டது பேட்டரி அளவு காட்டும் குட்டி நிரல்! அது சும்மா இருக்கும்வரை எல்லாம் சரி. எட்டிப்பார்த்தால் நிறம் போச்சு. இரண்டு வாரம் நான் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

டிரைவர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். புதியது நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது. லேப்டாப் தயாரித்தவர்கள் கொடுத்ததோ ஒரே பதிப்பு. சிப் தயாரித்தவர்களின் பொது டிரைவரை ஏற்றப் போனால், இது என் பட்டியலில் இல்லாத வன்பொருள் என்று திருப்பி அனுப்பிவிட்டது. கூடவே வரும், அந்தப் பட்டியல் இருக்கும் ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து, இந்த லேப்டாப்பின் அடையாள எண்ணை ஒரு வரியாகச் சேர்த்த பிறகுதான் வழிவிட்டது. மூன்று பதிப்புகளைப் போட்டுப் பார்த்துவிட்டு நடுவில் இருந்ததிலேயே நின்றுவிட்டேன். எதை மாற்றினேன், எந்தக் கேம் கெட்டது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியது அப்போதுதான். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது மருந்து என்றே தெரியாது.

டிஸ்ப்ளே அமைப்புகளில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் (வரையும் வேலையில் எவ்வளவைச் சிப்பிடம் விடுவது) என்று ஒரு இழுவைக் கட்டை உண்டு. அதை இடதுபக்கம் தள்ளுங்கள் என்பது பலரும் சொல்லும் வைத்தியம். தள்ளினால் கோளாறு மறையும், உண்மைதான். கூடவே 3டியும் மறைந்துவிடும். நோயைக் கண்டுபிடிக்க அது உதவும். குணப்படுத்த அல்ல.

பழைய கேமின் கிராபிக்ஸ் கட்டளைகளைப் புதுக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் டிஜிவூடூ 2 போன்ற மொழிபெயர்ப்பு அடுக்குகள் புதுக் கணினிகளில் அற்புதம் செய்பவை. ஆனால் டிஜிவூடூவுக்கு டைரக்ட்3டி 11 (விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் தொகுப்பில் 3டி வரையும் பகுதி) வேண்டும். என் லேப்டாப்போ டைரக்ட்எக்ஸ் 9 வந்த மறுவருடத்துக் குழந்தை. பழைய கேமைப் புதிய கணினியில் ஓட்டுவது எளிது, அரைப் பழசில் ஓட்டுவதுதான் கஷ்டம் என்பது இப்படித்தான் புரிந்தது.

ரெசல்யூஷன் விஷயம் சிறியது. 640×480ஐ இந்தத் திரைக்கு இழுத்தால் 1.6 மடங்கு, எழுத்தெல்லாம் மசமசவென்று ஆகிவிடும். விரிவாக்கத்தை நிறுத்தி, சுற்றிலும் கறுப்பு ஓரத்தோடு நடுவில் ஆடுகிறேன். 512×384 தரும் கேம் என்றால் சரியாக இரண்டு மடங்கு, கண்ணாடி மாதிரி இருக்கும்.

இன்றுவரை தீராதது பனிமூட்டம். அந்தக் காலத்து 3டி கேம்கள் சில, தூரத்தைப் பொறுத்து ஒவ்வொரு புள்ளிக்கும் மூட்டம் போடும் டேபிள் ஃபாக் வசதியை நம்பி எழுதப்பட்டவை. அது இல்லாத சிப்பில் கேம் முறையிடாது, மூட்டமில்லாமல் ஓடும். மூட்டம் அழகுக்கு மட்டும் அல்ல, கேம் எவ்வளவு தூரம்வரை வரைகிறது என்பதை மறைக்கவும்தான். அப்படி ஒரு கேமில், என் லேப்டாப்பில் மலைகள் துண்டு துண்டாக முளைக்கும். மூன்று டிரைவர்களும் கைவிரித்துவிட்டன.

போன மாதம் நண்பரின் பழைய டெஸ்க்டாப்பில் அதே கேமை ஆடினேன். குளத்தங்கரையில் எதிரே ஒன்றுமே தெரியவில்லை, வெள்ளையாக மூட்டம். மெதுவாக நடந்து போய், அங்கே நிற்கும் மிருகத்தின் மேலேயே மோதினேன், நாற்காலியில் துள்ளிவிட்டேன். இருபது தடவையாவது கடந்து வந்த இடம் அது. வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். அக்கரையில், பளிச்சென்ற வெளிச்சத்தில், வழக்கம்போல நின்றுகொண்டிருந்தது.