மண்டபம் ரயில் நிலையம்: இறங்க அல்ல, ஏற வேண்டிய இடம்

மண்டபம் என்ற பெயரில் அடுத்தடுத்து இரண்டு ஸ்டேஷன் உண்டு. மதுரையிலிருந்து வரும்போது உச்சிப்புளிக்கு அடுத்து வருவது மண்டபம் கேம்ப். அங்கே இறங்கிவிட்டுக் கடல்மேல் போகும் பாம்பன் ரயில் பாலத்தைத் தேடினால் கிடைக்காது. பாம்பன் பாலத்துக்கு முந்தைய கடைசி ஸ்டேஷன் வெறும் மண்டபம்தான். டிக்கெட் எடுக்கும்போது ஸ்டேஷன் குறியீட்டைப் பாருங்கள்: எம்.எம்.எம். என்றால் மண்டபம், எம்.சி. என்றால் கேம்ப்.

பாலம் பார்க்க வருகிறவர்கள் நேராக ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுத்து, பெட்டி படுக்கையோடு கூட்டத்தில் நசுங்கியபடி கடலைக் கடந்துவிடுகிறார்கள். அதைவிட, மண்டபத்தில் மதுரை – ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான பாம்பனில் இறங்குவது எவ்வளவோ மேல். குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய்தான். அதே தூரத்துக்கு எக்ஸ்பிரஸில் 30 ரூபாய். பாசஞ்சர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறினால் அபராதம் விழும். மொபைலில் பேப்பர் இல்லாத டிக்கெட் எடுப்பவர்கள் ஸ்டேஷனுக்குள் நுழையும் முன்பே எடுத்துவிட வேண்டும். பிளாட்பாரத்தில் நின்று முயன்றால் ஆப் ஏற்காது. எடுத்த பிறகு ரத்து செய்யவும் முடியாது.

ஒன்றை மனதில் வையுங்கள். 1914இல் திறந்த பழைய பாலத்தில் கடைசிக் காலத்தில் ரயில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர்ந்தது. இரண்டு கிலோமீட்டரைக் கடக்கப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது, ஆற அமரப் பார்க்க முடிந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 75 கிலோமீட்டர் வரைக்கும், கப்பலுக்கு வழிவிட மேலே எழும்பும் தூக்குப் பகுதியில் மட்டும் 50 வரைக்கும் அனுமதி உண்டு. அதனால் இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். மண்டபத்தில் வண்டி கிளம்பும் முன்பே ஜன்னலோரம் போய்விடுங்கள். ஏசி பெட்டி வேண்டாம். மூடிய கண்ணாடியில் உப்புப் படிந்து கடல் மங்கலாகத்தான் தெரியும். சாதாரணப் பெட்டியின் திறந்த ஜன்னல்தான் சரி. வண்டி மண்ணை விட்டு இரும்பு கர்டர்மேல் ஏறும்போது சத்தமே மாறும், கீழே பார்த்தால் நேராகத் தண்ணீர். சற்று நேரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே நுழைவீர்கள். அதுதான் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி. கப்பல் வந்தால் இது அப்படியே 17 மீட்டர் மேலே எழும்பும். பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் சாய்ந்தது.

படிக்கட்டில் தொங்கிப் படமெடுப்பது குற்றம். காற்று திடீரென்று அடிக்கும் இடம் இது, உயிரோடு விளையாட வேண்டாம்.

காற்றைப் பற்றித் தெரியாமல் இங்கே பயணம் போடவே கூடாது. பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருக்கிறது. வரம்பைத் தாண்டினால் வண்டிக்குச் சிக்னல் கிடைக்காது. ராமேஸ்வரம் போகும் ரயில் மண்டபத்திலேயே நின்றுவிடும். மழையில்லாத வெயில் நாளிலும் இப்படி ஆகும் என்பதால் வெளியூர்க்காரர்கள் குழம்பிப்போகிறார்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வலுக்கும், ஐப்பசிக்கு மேல் வடக்கிலிருந்து வாடை. இந்த மாதங்களில் கையில் ஒரு மணி நேரம் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு மேல் வண்டி நகராவிட்டால் காத்திருக்காமல் மெயின் ரோட்டுக்கு வந்து ராமேஸ்வரம் பஸ்ஸைப் பிடிப்பதே புத்திசாலித்தனம். தரிசன நேரம், திரும்பும் ரயில் என்று கணக்குப் போட்டு வருபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

இந்தச் சின்ன ஸ்டேஷன் பல தடவை லைனின் கடைசி முனையாக இருந்திருக்கிறது. 1902இல் மதுரையிலிருந்து வந்த பாதை இங்கேதான் முடிந்தது. பாலம் வரும்வரை பன்னிரண்டு வருஷம் அப்படியே. 2022 டிசம்பர் 23 முதல் பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டபோதும், சில வண்டிகள் இங்கிருந்தே திரும்பின. அத்தனை சரித்திரம் இருந்தும் அதைச் சொல்லும் ஒரு நல்ல பலகையாவது வைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் நமக்கு உண்டு.

சாப்பாட்டை ஸ்டேஷனில் எதிர்பார்க்க வேண்டாம். இந்தப் பக்கம் நிலத்தடி நீர் உவர், குடிதண்ணீரைக் கையோடு கொண்டுவாருங்கள். உப்புக்காற்று இரும்பை விடாது. புதிய பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பெயின்டும் தேவைப்பட்டன என்றால், சாதாரணக் குழாயும் பெஞ்சும் என்ன பாடுபடும் பாருங்கள்! கேமரா வைத்திருப்பவர்கள் மறக்காமல் லென்ஸைத் துடைத்து மூடிவையுங்கள்.

பாம்பனில் இறங்கியதும் திரும்பும் ரயிலுக்குக் காத்திருக்காதீர்கள். பஸ் ஏறி சாலைப் பாலம் வழியாக மண்டபம் திரும்பினால், கடந்து வந்த ரயில் பாலம் முழுசாகக் கீழே தெரியும். அடுத்த ரயில் வரும் நேரமாகப் பார்த்துக் கிளம்பினால் இன்னும் விசேஷம்.