வெளிநாட்டுக் கம்பெனியா, சொந்த ஆலோசனையா? மலையகத்து டயட்டீஷியனுக்கு எது சரி

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வீட்டிலிருந்தபடியே எடைக்குறைப்பு ஆலோசனை சொல்லிச் சம்பாதிக்க இரண்டு வழி உண்டு. வெளிநாட்டுக் கம்பெனியில் ஆன்லைன் வேலை, இல்லையென்றால் சொந்தமாக ஆள் பிடிப்பது.

காசு என்று பார்த்தால் கம்பெனிதான், அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்கிற சுகாதாரத் தொழில் ஒழுங்குமுறைச் சபையில் பதிவு இல்லாமல் டயட்டீஷியன் என்று போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் பதிவுப் பரீட்சை எழுதவே 2024 ஜனவரியிலிருந்து முதுகலைப் பட்டம் வேண்டும், அதற்குமேல் பல மாநிலங்கள் உரிமமும் கேட்கும், அதுவும் நீங்கள் இருக்கும் இடத்தை வைத்தல்ல, நோயாளி இருக்கும் மாநிலத்தை வைத்து. அதனால் நம்மை ஹெல்த் கோச் என்றுதான் எடுப்பார்கள், எழுதிக் கொடுத்ததைப் பேச வேண்டும். லண்டன் நேரமென்றால் சமாளிக்கலாம், குளிர்காலத்தில் மதியம் இரண்டரைக்குத் தொடங்கும். நியூயோர்க் என்றால் இரவு ஏழரையிலிருந்து விடியற்காலை வரை, தூக்கம் போய்விடும். (தூங்காதவர் மற்றவருக்கு எடை குறைக்கச் சொல்வது தனிக் கூத்து.)

சொந்த வேலையில் ஆள் சேர மாதக்கணக்காகும், கட்டணமும் குறைவு. ஆனால் படித்த படிப்பு இங்கேதான் உதவும். ஓட்ஸும் அவகாடோவும் போட்ட சார்ட்டை ரொட்டியும் சம்பலும் சாப்பிடுகிற வீட்டுக்கு அனுப்பி என்ன பயன்? நாளுக்கு ஐந்து பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் சுமார் 40 கிராம், 160 கலோரி. முதலில் அதில் கை வையுங்கள். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண்) 25 வரை பரவாயில்லை என்கிற கணக்கும் நமக்குப் பொருந்தாது, ஆசியர்களுக்கு 23-இலிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004-இலேயே சொல்லிவிட்டது. தராசு இல்லாத வீட்டில் தையல் டேப் போதும்: இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதைத் தாண்டினால் ஆபத்து.

வீடியோ அழைப்பை நம்பி இறங்க வேண்டாம். மலை மறைவில் சிக்னல் இழுக்கும், அதைவிட, லயத்து அறையில் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது எந்த மருமகள் தன் எடையைப் பற்றி வாய் திறப்பாள்? வாட்ஸ்அப் குரல் பதிவென்றால் தனியாக இருக்கும்போது பேசி அனுப்புவாள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்கச் சொல்லாதீர்கள், இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடும்.

வீட்டுச் செலவு நெருக்கவில்லை என்றால் என் ஓட்டு சொந்த வேலைக்கு. நெருக்கினால் லண்டன் ஷிஃப்ட் எடுத்துக்கொண்டு, காலை நேரத்தில் நம் ஆட்களைப் பாருங்கள். அப்புறம், வெளி ஆட்களைப் பார்க்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுங்கள்.