போர் முடிந்த பிறகு வரும் பக்கங்கள்: 12 ஆண்டு ஃபேண்டஸி வாசிப்பு அனுபவம்

என் கொழுந்தனார் வேலை மாறி ஜொஹன்னஸ்பர்க் போனபோது ஓர் அட்டைப்பெட்டியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே செங்கல் செங்கலாக ஆங்கிலப் புத்தகங்கள். அட்டைகளில் வாள், கோபுரம், முக்காடு போட்ட ஆள். திருமணமாகித் திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து அப்போது எனக்கு ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. பொன்னியின் செல்வனை மூன்று முறை படித்திருந்தேன். ஆங்கிலத்தில் பள்ளிச் சுற்றறிக்கைக்கு மேல் எதையும் முழுதாகப் படித்ததில்லை. அன்றைக்கு நல்ல மழை. மேலே கிடந்ததை எடுத்தேன்.

இது 2013இல் நடந்தது. அதன்பிறகு 80க்கு மேற்பட்ட காவிய ஃபேண்டஸி நாவல்களை, அதாவது மந்திரமும் போரும் நிறைந்த கற்பனை உலகக் கதைகளை, விலை கொடுத்தும் இரவல் வாங்கியும் படித்துவிட்டேன். இன்று அலமாரியில் இருப்பவை 27. மற்றவை போன காரணத்தையும் இவை தங்கிய காரணத்தையும் எழுதி வைக்கிறேன். நாற்பது வயதில் முதன்முறையாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குக் காசும் பொழுதும் மிஞ்சட்டும்.

முதலில் காசு. தென்னாப்பிரிக்காவில் புத்தகத்துக்கும் 15 சதவீத வாட் வரி உண்டு. பெரும்பாலான ஃபேண்டஸி நாவல்கள் கடல் கடந்து வருபவை. இறக்குமதி விலை, அதன்மேல் வரி. பத்து பாகத் தொடரைப் புதிதாக ஒரே மூச்சில் வாங்கினால் அந்த மாதம் வீட்டுச் செலவு தடுமாறும். எனக்குத் தடுமாறியது. தடிமனையும் அட்டையையும் பார்த்து வாங்கிய காலம் அது. மூன்று பாகம் என்று அறிவிக்கப்பட்ட ஒரு தொடரில் முதல் இரண்டை ஒரே வாரத்தில் படித்து முடித்தேன். மூன்றாவது இன்றுவரை வரவில்லை. அந்தக் கதாநாயகன் இன்னும் அதே விடுதியில் உட்கார்ந்திருக்கிறான். எனக்குத் தலைமுடி நரைத்துவிட்டது. இன்னொரு முறை, இரண்டாம் பாகம் வரை நூலகத்தில் எடுத்துவிட்டு மூன்றாவதைத் தேடினேன். பட்டியலில் இருந்தது, தட்டில் இல்லை. எட்டு மாதம் காத்திருந்தேன்.

அதனால் இப்போது எந்தத் தொடரைத் தொடுவதற்கு முன்னும் கடைசிப் பாகம் வெளியான ஆண்டு எது என்று பார்த்துவிடுகிறேன். முடியாத தொடரைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. காத்திருப்பதும் ஒரு சுகம் என்று நினைப்பவர்கள் தாராளமாக இறங்கலாம். ஆனால் தெரிந்து இறங்க வேண்டும். ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ 1990இல் தொடங்கியது. 2007இல் ஆசிரியர் இறந்துபோனார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதி 2013இல் 14ஆம் பாகத்தோடு முடித்தார். நான் தொடங்கியபோது முழுத் தொடரும் கையில் கிடைத்தது என் அதிர்ஷ்டம். ஆனாலும் எட்டு முதல் பத்து வரையிலான பாகங்களில் கதை சேற்றில் மாட்டிய வண்டிபோல நின்றுவிட்டது. படித்ததற்கு வருத்தமில்லை, இன்னொரு முறை படிக்க மாட்டேன். 14 பாகமும் பக்கத்துத் தெரு இளைஞர் வீட்டுக்குப் போய்விட்டன.

‘பெரியவர்களுக்கான ஃபேண்டஸி’ என்று கடைகளில் தனித் தட்டு வைக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் இரத்தம், படுக்கையறை, வசைச்சொல். இவை இருப்பதால் ஒரு நாவல் பெரியவர்களுடையது ஆகிவிடாது. பெண்ணின் மேல் நடக்கும் வன்முறையை ஒரு வீரனுக்குக் கோபம் வரவழைக்கும் திரியாக மட்டும் வைத்திருக்கும் நாவல்களை நான் பாதியில் மூடியிருக்கிறேன். அவற்றில் சில பெரிய பெயர் பெற்றவை.

என் சோதனை வேறு. கடையிலோ நூலகத்திலோ புத்தகத்தைப் புரட்டி, பெரிய சண்டை ஒன்று முடியும் இடத்தைக் கண்டுபிடிப்பேன். அங்கிருந்து இரண்டு அத்தியாயம் நின்றபடியே படிப்பேன். செத்தவர்களை யார் தூக்கினார்கள்? காயம்பட்டவன் அடுத்த நாள் குதிரை ஏறிவிடுகிறானா? அன்றிரவு யார் சமைத்தார்கள்? இவற்றுக்கு விடை இருந்தால் வீட்டுக்கு எடுத்து வருவேன். மகாபாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த எதிர்பார்ப்பு இயல்பாகவே வரும். பதினெட்டாம் நாள் போர் முடிகிறது. அன்றிரவே திரௌபதியின் பிள்ளைகளான உபபாண்டவர் ஐவரும் தூக்கத்தில் கொல்லப்படுகிறார்கள். அதன்பின் களத்தில் பெண்கள் அழுவதற்கென்றே ஒரு பருவம் இருக்கிறது. இங்கே நேட்டாலில் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பவர்கள் வெற்றியை மட்டுமா நினைத்து இறங்குகிறார்கள்?

இந்தச் சோதனையில் டோல்கீன் எடுத்த எடுப்பிலேயே தேறிவிடுகிறார். அவர் இந்த மண்ணில் பிறந்தவர் என்பதில் இங்குள்ள வாசகர்களுக்குத் தனிப் பெருமை உண்டு: 1892 ஜனவரி 3, புளூம்ஃபொன்டைன். மூன்று வயதில் இங்கிலாந்து போய்விட்டார். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில், அழித்தே ஆக வேண்டிய அந்தத் தீய மோதிரம் அழிந்த பிறகு இன்னும் ஆறு அத்தியாயங்கள் இருக்கின்றன. முதல் வாசிப்பில் அவற்றை வேகமாகத் தள்ளினேன். இரண்டாம் வாசிப்பில் அவற்றுக்காகவே முன்பகுதியைப் படித்தேன். மோதிரத்தைச் சுமந்து போய், வென்று திரும்பிய ஃப்ரோடோவின் காயம் ஆறவேயில்லை. காப்பாற்றிய ஊரிலேயே அவனால் இருக்க முடியவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்டால் நான் முதலில் கையில் கொடுப்பது உர்சுலா லெ குவினின் ‘எர்த்ஸீ’ நூல்கள்தான். முதல் நூல் 1968இல் வந்தது. மெல்லிய புத்தகம், இரண்டு வார இறுதியில் முடித்துவிடலாம். தீவுகளால் ஆன உலகம், மாநிறமும் கறுப்புமான மக்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவனுக்கே அதன்மேல் அதிகாரம். முதல் மூன்று நூல்களைச் சிறுவர் நூல் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவர்கள் நான்காவதான ‘தெஹானு’ வரை பொறுத்திருக்க வேண்டும். மூன்றாவது வெளியாகி 18 ஆண்டு கழித்து, 1990இல் அது வந்தது. மந்திரத்தை எல்லாம் இழந்து திரும்பிய ஒரு மனிதர், நடுவயதில் கணவனை இழந்த ஒரு பெண், நெருப்பில் எரிக்கப்பட்ட ஒரு குழந்தை. பாத்திரம் யார் கழுவுவது என்பதுகூட அங்கே கதையாகிறது. அதைப் படித்த இரவு எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி தீரும்வரை எழுந்திருக்கவில்லை.

ராபின் ஹாப் நிதானமாக எழுதுபவர். 1995 முதல் 2017 வரை 16 நூல்கள். ஃபிட்ஸ் என்ற ஒருவனைச் சிறுவனாகக் கண்டு முதுமை வரை கூடவே நடக்கிறோம். இளமையில் வாங்கிய அடி கடைசிவரை வலிக்கிறது. பொறுமை இல்லாதவர்களுக்கு இது வேண்டாம். பொறுமை இருந்தால் நடுவில் வரும் கப்பல் முப்பாகத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். நான் குதித்துவிட்டுப் பின்னால் திரும்பி வந்தேன்.

மலாஸான் தொடரை ஒருமுறை தோற்றுத்தான் மறுபடி தொட்டேன். ஸ்டீவன் எரிக்சன் தொல்லியலும் மானுடவியலும் அறிந்தவர். 1999இல் தொடங்கி 2011இல் பத்தாம் பாகத்தில் முடித்திருக்கிறார். யார், எவர், எந்த நாடு என்று எதையும் விளக்காமல் நடு ஆற்றில் தள்ளிவிடுவார். 200 பக்கத்தில் மூடிவிட்டேன். மூன்று ஆண்டு கழித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர்களை எழுதிக்கொண்டே படித்தபோது பிடி கிடைத்தது. இரண்டாம் பாகத்தில் ஒரு தளபதி பல்லாயிரம் அகதிகளை ஒரு கண்டத்தின் குறுக்கே நடத்திக்கொண்டு போகிறான். என் தாய்வழித் தாத்தா 1942இல் ரங்கூனிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்து வந்தவர். அந்த நடையைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: “தண்ணீர் இருந்த இடத்தில் படுத்தோம்.” அவர் சொல்லாமல் விட்டது என்னவாக இருந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரிந்தது அந்த 800 சொச்சம் பக்கங்களில்தான்.

என்.கே. ஜெமிசினின் ‘பிரோக்கன் எர்த்’ மூன்று பாகங்களும் 2016 முதல் 2018 வரை தொடர்ந்து மூன்று ஆண்டு, அறிவியல் புனைவுக்கும் ஃபேண்டஸிக்கும் தரப்படும் ஹியூகோ விருது பெற்றவை. தகப்பனே மகனைக் கொன்றுவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட, அவளைத் தேடித் தாய் புறப்படுவதில் கதை தொடங்குகிறது. ‘நீ’ என்று வாசகரையே விளித்துச் சொல்லும் நடை முதலில் இடறும். முப்பது பக்கம் தாங்கிக்கொள்ளுங்கள். சிறு குழந்தையைப் பறிகொடுத்த தோழி ஒருத்திக்கு மட்டும் இதைக் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்களுக்கு நூல் தேர்ந்தெடுக்கும்போது இதையும் பார்க்கத்தான் வேண்டும்.

எளிய ஆங்கிலம் வேண்டும், கதை சீக்கிரம் ஓட வேண்டும் என்பவர்களுக்கு சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’ முதல் மூன்று பாகங்கள் போதும். 2006 முதல் 2008க்குள் முடிந்துவிட்டவை. கணக்குப் போட்டதுபோல மந்திர விதிகள். மறுவாசிப்பில் எனக்கு அவ்வளவாக ஒன்றும் மிஞ்சவில்லை.

இனிப் புத்தகத்தின் உடம்பைப் பற்றி. ஆயிரம் பக்கப் பேப்பர்பேக்கைப் படுத்துக்கொண்டு படிக்காதீர்கள், மணிக்கட்டு போய்விடும். டர்பனின் டிசம்பர், ஜனவரி ஈரத்தில் முதுகுப் பசை இளகி, சரியாக நடுப்பாகத்தில் புத்தகம் இரண்டாகும். இராமபாணப் பூச்சிக்கும் தடித்த புத்தகத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. நான் வாரம் ஒருமுறை அலமாரிக் கதவைத் திறந்து வைக்கிறேன். தட்டுக்குத் தட்டு காய்ந்த வேப்பிலை போடுகிறேன். 2023இல் லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு ஆறாம் கட்டத்துக்குப் போனபோது மின்நூல் கருவி ஒன்று வாங்கினேன். தனக்கென்று விளக்கும் வாரக்கணக்கில் நிற்கும் பேட்டரியும் உள்ள பொருளின் அருமை அப்போது புரிந்தது. அதில் வரைபடம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. வரைபடத்தைத் தாளில் அச்செடுத்து, கருவியின் உறைக்குள் மடித்து வைத்துக்கொள்வேன்.

கடைசியாக, அலமாரியில் இன்று இல்லாத, ஆனால் என்னுடையதான ஒரு புத்தகம்: கை கவ்ரியல் கேயின் ‘டிகானா’. 1990இல் வந்தது. ஒரே பாகம், அதனாலேயே பலருக்குப் பரிந்துரைப்பேன். போரில் மகனைப் பறிகொடுத்த மன்னன் ஒருவன், வென்ற நாட்டின் பெயரையே மந்திரத்தால் அழித்துவிடுகிறான். அங்கே பிறந்தவர்களைத் தவிர மற்றவர் யார் காதிலும் அந்தப் பெயர் விழாது. அவர்களும் இறந்துவிட்டால் அப்படி ஒரு நாடே இல்லை.

கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நான் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 67 வயதான மாமா ஒருவர் வருவார்; கரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஆங்கிலத்தில் வாசிப்புப் பிரியர் என்பதால் ‘டிகானா’வைக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை என் மேசையில் வைத்தார். ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்த அவர் பாட்டனாரின் கப்பல் பதிவு நகல். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர். மாவட்டம் வட ஆற்காடு என்று தெளிவாக இருந்தது. ஊர் இருந்த கட்டத்தில் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருந்தார். ஏழெட்டு ஆங்கில எழுத்துகள், எப்படிச் சேர்த்தாலும் ஓர் ஊராக வரவில்லை.

“டீச்சர், பெயர் இங்கேதான் இருக்கிறது. எங்களுக்குச் சொல்ல வரவில்லை” என்றார்.

அன்றிலிருந்து அவருடைய நோட்டில் அந்தப் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ‘ல’வா ‘ள’வா ‘ழ’வா, ‘பாடி’யா ‘பட்டி’யா என்று இதுவரை பதினொரு விதமாக எழுதியாயிற்று. ஒவ்வொன்றையும் அவர் உரக்கப் படித்துப் பார்க்கிறார். புத்தகம் அவரிடமே இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை.