ஃப்ரீலான்ஸ் எழுத்து: எழுதுவதில் குறையில்லை, காசு வருவதில்தான்

கூடப் படித்த தோழி போன வாரம் கேட்டாள், "நானும் வேலையை விட்டுட்டு உன்னை மாதிரி வீட்ல இருந்தே எழுதலாமா?" வேலை எங்கே தேடுவது, என்ன ரேட் கேட்பது எல்லாம் அவளுக்கே தெரியும். அதனால் பல வருடமாக என்னை அரிக்கும் ஒரே விஷயத்தைச் சொல்கிறேன்: செய்த வேலைக்குக் காசு கைக்கு வரும் விதம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எழுத்து வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். சர்க்கரை நோயாளிகள் பாதத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு மருத்துவமனைக்குத் துண்டறிக்கை எழுதினேன். என் மாமியார் அதைப் படித்துவிட்டு, தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எந்த ஆபீஸ் வேலையிலும் எனக்கு இப்படி ஒரு நிறைவு கிடைத்ததில்லை.

சரி, இப்போது காசு. கட்டுரை கேட்கும்போது "இன்னிக்கு ராத்திரிக்குள்ள வேணும்" என்பவர்கள், இன்வாய்ஸ் அனுப்பியதும் காணாமல் போகிறார்கள். அப்புறம் வெண்டர் ஃபார்ம் என்பார்கள், பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர் விட்டுப்போச்சு என்பார்கள், அக்கவுண்ட்ஸில் ஆள் லீவு என்பார்கள். வேலை கொடுத்தவர் பெரும்பாலும் நல்லவராகத்தான் இருப்பார், அவர் கையில் செக் இல்லை, அவ்வளவுதான். அது புரிகிறது. ஆனால் மாதம் பிறந்தால் வீட்டு ஓனர் வாடகைக்காகக் காத்திருப்பதில்லையே! ஒரு நிறுவனம் என் கூலியில் 10 சதவீதத்தை டிடிஎஸ் என்று, அதாவது என் பெயரில் கட்ட வேண்டிய வருமான வரியாக, பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தது. பிடித்த பணம் என் 26ஏஎஸ்ஸில், அதாவது வருமான வரித்துறையின் வரிக்கணக்கில், வரவே இல்லை. அதற்கும் நான்தான் தொங்க வேண்டியிருந்தது.

வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். ஆதார், பான் போதும், நம்மைப் போலத் தனியாகத் தொழில் செய்பவரும் செய்யலாம். 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் (பேங்க் ரேட்) போல மூன்று மடங்கு வட்டி தர வேண்டும், அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம். வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது. நான் இப்போது உத்யம் எண்ணையும் 45 நாள் கணக்கையும் இன்வாய்ஸின் தலையிலேயே போடுகிறேன். சில இடங்களில் பணம் சீக்கிரம் வருகிறது. ஆனால் புகார் வரை போனால் அந்த இடத்தில் அடுத்த வேலை கிடைக்காது, இது எல்லா எழுத்தாளருக்கும் தெரியும். சட்டம் நம் பக்கம் இருந்தும் வாயைத் திறக்கத் தயங்குவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்று, தமிழில் எழுதுபவர்கள் வார்த்தைக் கணக்கில் கூலி பேசாதீர்கள். ஆங்கிலத்தில் நாலு சொல்லில் வருவதை நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவோம், உழைப்பு குறையாது, கூலிதான் குறையும். கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசுங்கள், பாதியை முன்பணமாகக் கேளுங்கள்.

நாளைக்கே யாராவது நல்ல சம்பளத்தில் ஆபீஸ் வேலை தந்தாலும் நான் போகமாட்டேன். ஆனாலும் தோழிக்கு "இப்போ வேலையை விடாதே" என்றுதான் பதில் அனுப்பினேன். மார்ச் மாத பில்லுக்குக் காசு இன்னும் வரவில்லை. வந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.